வாத்தியாருக்கு வெட்டிய குழி

கம்பெனி கேட்டில் அவளுக்குப் பெயர் ஸ்கேனர் அக்கா. அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது, அதையும் அவளைத் தவிர யாரும் படித்ததில்லை. பத்தொன்பது வருஷமாக ஒரே கேட், ஒரே இரும்பு நாற்காலி. உள்ளே முகப்பூச்சும் உதட்டுச்சாயமும் கண் மையும் டப்பாவில் அடைக்கிற வேலை. முன்னூறு பெண்கள். சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் ஒவ்வொருத்தியும் வந்து அவள் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்க வேண்டும். தோளிலிருந்து கணுக்கால் வரை தடவி, பையைக் கவிழ்த்து, டிபன் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு "போ" என்பாள். அந்த ஒரு எழுத்து கிடைத்தால்தான் பஸ்ஸைப் பிடிக்கலாம்.

கொண்டைக்குள் உதட்டுச்சாயம் பிடித்திருக்கிறாள். செருப்பின் அடித்தோலைக் கீறிக் கண் மை எடுத்திருக்கிறாள். ஒருத்தி மிச்சம் வைத்த சோற்றுக்குள் முகப்பூச்சு டப்பாவைப் புதைத்து, மேலே கரண்டியால் பூசி மெழுகி வைத்திருந்தாள். அதுவும் தப்பவில்லை. ஆனால் கையெல்லாம் அப்புறம்தான். முதலில் நடை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று சும்மாவா சொன்னார்கள்? ஒளித்து வைத்தவள் நடை மாறும். இடுப்பு ஒரு பக்கம் இறுகும், கால் தரையைக் கேட்டுக் கேட்டு வைக்கும். இருபது அடி தூரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். இந்த வித்தையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதில் அவளுக்குக் கர்வமும் உண்டு.

இப்பேர்ப்பட்டவள் வீட்டில் ஒரு ஆமை வளர்கிறது என்று தெரிந்தால் முன்னூறு வாய் சும்மா இருக்குமா? "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சொல்லுவாங்க. இந்தக்கா வீட்ல ரெண்டும் ஒண்ணாக் குடியிருக்கு" என்று லேபிள் ஒட்டுகிறவள் ஒருத்தி வரிசையில் நின்றுகொண்டே சொன்னாள். கோர்ட்டு உத்தரவோடு வந்து சாமானைத் தூக்கிப் போகிற அமீனாவுக்கும் இவளுக்கும் முகவெட்டில் பெரிய வித்தியாசம் இல்லை என்பது பொது அபிப்பிராயம். ஸ்கேனர் அக்கா அந்த லேபிள்காரியின் கொண்டையை மட்டும் இரண்டு தடவை அவிழ்த்துப் பார்த்தாள்.

ஆமை வந்து எட்டு வருஷம் ஆகிறது. அப்பா அம்மா இரண்டு பேரும் போன பிறகு அவள்தான் தம்பியை வளர்த்தாள். தம்பி படிக்கும்போது ஒரு நாள் பிஸ்கட் அளவு ஆமைக்குஞ்சு ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். இப்போது அது சாப்பாட்டுத் தட்டு அளவு. கழுத்தை நீட்டி, கண்ணை இடுக்கி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்க்கும். அதனால் வாத்தியார் என்று பெயர். கொல்லைப்புறத்தில் பழைய சிமெண்டுத் தொட்டிதான் வாத்தியாருக்கு வீடு. வெயில் காய ஏறி உட்காருவதற்குத் தொட்டிக்குள் செங்கல்லைப் படிப்படியாக அடுக்கி வைத்திருந்தாள். கல்யாணம், காட்சி என்று அவளுக்கு ஒன்றும் அமையவில்லை. தம்பியும் வாத்தியாரும்தான் அவளுக்கு எல்லாம். அதில் தம்பிக்கு நாலு மாசத்துக்கு முன்னால் கல்யாணம் ஆகிவிட்டது. மிச்சம் வாத்தியார்.

தம்பி ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவான். தம்பி பெண்டாட்டி வீட்டிலேயே தலையணை உறை தைத்துக் கடைக்குக் கொடுக்கிறவள். பின்னறையில் ஜன்னலோரம் தையல் மெஷின். அதிர்ந்து பேசாத பெண். அதுதான் ஸ்கேனர் அக்காவுக்கு முதல் சந்தேகம். பேசாதவளை நம்பாதே என்று கேட் அவளுக்குக் கற்றுக் கொடுத்திருந்தது.

இரண்டாவது சந்தேகத்தைச் சம்பந்தியம்மாளே கொண்டுவந்து கொடுத்தாள். பெண்ணைக் கொண்டுவிட வந்த அன்றைக்குக் கொல்லையில் கால் அலம்பப் போன அந்த அம்மாள், தொட்டியைப் பார்த்ததும் அலம்பாமலே திரும்பி வந்தாள். "ஏம்மா, ஆமையைப் போய் வீட்டுக்குள்ள வச்சிருக்கீங்களே. புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. வாழ வந்த பொண்ணு இருக்கிற வீடு" என்றாள்.

"எட்டு வருஷமா உருப்பட்டுக்கிட்டுதான் இருக்கோம்" என்றாள் ஸ்கேனர் அக்கா. அன்றைக்கே தம்பி பெண்டாட்டியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், "வாத்தியாரை நீ தொடக் கூடாது. சாப்பாடு நான் வைப்பேன், தண்ணி நான் மாத்துவேன்."

"சரி அண்ணி" என்றாள் அந்தப் பெண்.

அப்புறம்தான் குழி ஆரம்பித்தது.

ஒரு சாயங்காலம் வேலை விட்டு வந்து கொல்லைக் கதவைத் திறந்தால், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து மண்ணில் ஒரு குழி. கை முஷ்டி போகிற அளவு. எலி என்று நினைத்துக் குனிந்து பார்த்தாள். எலி தோண்டினால் மண் நாலு பக்கமும் சிதறும். இது கரண்டியால் அள்ளி அள்ளி ஓரத்தில் வைத்த மாதிரி இருந்தது. தொட்டால் ஈரம். குழாய் சொட்டவில்லை, மழையும் இல்லை. யாரோ தண்ணீர் ஊற்றி மண்ணை இளக்கித் தோண்டியிருக்கிறார்கள். அடுக்களைக்குப் போய்க் கரண்டிகளை எண்ணினாள். எல்லாம் இருந்தன, கழுவித் துடைத்துச் சுத்தமாக. அந்தச் சுத்தம்தான் அவளுக்கு உறுத்தியது.

குழியை மூடினாள். காலால் மிதித்து, உள்ளங்கையால் தட்டிச் சமன் செய்து, ஆள்காட்டி விரலால் மேலே மூன்று கோடு இழுத்தாள். இது அவளுடைய முத்திரை. சர்க்கரை டப்பாவில் சர்க்கரை மேல் மூன்று கோடு, அரிசித் தூக்கில் மூன்று கோடு, பெட்டி மூடியில் தூசி மேல் மூன்று கோடு. கம்பெனியில் சாக்குக்குச் சீல் வைத்துப் பழகிய கை, வீட்டிலும் சும்மா இருக்காது.

மறுநாள் சாயங்காலம் கோடு மூன்றும் காணோம். அதே இடத்தில் குழி, முந்தின நாளைவிட ஒரு விரற்கடை ஆழமாக.

மூன்றாம் நாளும் அப்படியே. நான்காம் நாள் வாத்தியாருக்கு வெள்ளரித் துண்டு போட்டாள். அது மோந்துகூடப் பார்க்கவில்லை. செங்கல்லில் ஏறி, தொட்டி விளிம்பில் கழுத்தை வைத்து, வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. தூக்கித் தரையில் விட்டால் நடை சரியில்லை. பின்னங்கால் இரண்டும் அகன்று, ஒவ்வொரு அடியையும் யோசித்து வைத்தது. முன்னூறு பெண்களின் நடையைப் படித்தவளுக்கு அந்த நடையைப் படிக்கத் தெரியவில்லை. யாரோ எதையோ கொடுத்துவிட்டார்கள் என்றுதான் அவள் புத்தி போனது.

அப்போதுதான் குழியும் வாத்தியாரும் அவள் மண்டைக்குள் ஒன்றாகச் சேர்ந்தன. தம்பி பெண்டாட்டி தினம் கொஞ்சமாக ஏதோ வைக்கிறாள். தினம் கொஞ்சமாகக் குழியும் தோண்டுகிறாள். ஒரே நாளில் பெரிதாகத் தோண்டினால் தெரிந்துவிடும் அல்லவா? வாத்தியார் செத்ததும் நாம் வேலை விட்டு வருவதற்குள் புதைத்துவிட்டு, "எங்கயோ போயிடுச்சு அண்ணி" என்பாள். நாலு மாசமாக வீட்டுக்குள்ளேயே குழி பறித்துக்கொண்டிருக்கிறாள், அதிர்ந்து பேசாமல்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நமக்குச் சொல்லத் தெரியும். அரண்டவளுக்குத் தெரியுமா? குழியை நிரப்பி, அரைச் செங்கல்லால் குத்திக் குத்தி இறுக்கினாள். கடப்பாரை போட்டாலும் பெயராத மாதிரி இறுகின பிறகுதான் கை வலித்தது.

மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பும்போது தம்பி பெண்டாட்டி பின்னாலேயே வாசல்வரை வந்தாள். "அண்ணி, அந்தக் குழாயடி மண்ணைக் கொஞ்சம் அப்படியே விட்டுடுங்களேன்."

"ஏன்?"

"இல்ல… சும்மாதான். மூட வேணாமேன்னு."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள் ஸ்கேனர் அக்கா. அன்று சாயங்காலம் குழாயடியில் பழைய அம்மிக்கல்லை உருட்டிக்கொண்டு வந்து போட்டாள். அடுத்து வந்த நாளெல்லாம் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு குழி, அந்தப் பக்கம் ஒரு குழி, அவள் விடாமல் மூடினாள். எதுவும் இரண்டு விரற்கடைக்கு மேல் இறங்கவில்லை. கல்லின் மேல் நகம் கீறின மாதிரி வெள்ளைக் கோடுகள். அவற்றையும் அவள் பார்த்தாள். கரண்டிக் காம்பு என்று முடிவு கட்டினாள்.

அதோடு இன்னொன்றும் கிடைத்தது. தொட்டியோரம் கிடந்த கீரை இலையில் வெள்ளையாக ஏதோ பொடி. விரலில் தொட்டுப் பார்த்தாள், நறநறவென்றது. கீரை அவள் வைத்ததில்லை. பத்து நாள் சந்தேகத்துக்குப் பிறகு கிடைத்த முதல் தடயம். அவளுக்குப் பயமும் வந்தது, உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் வந்தது. நான் நினைத்தது சரிதான் என்கிற நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி பெண்டாட்டி தோளில் பையை மாட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். இரண்டு தெரு தள்ளித்தான். கூடத்தில் உட்கார்ந்திருந்த ஸ்கேனர் அக்கா நடையைப் பார்த்தாள். பை இருந்த பக்கம் முழங்கை இறுகியிருந்தது. எழுந்து போய் வாசல்படியில் நின்றுகொண்டாள்.

"பையைக் காட்டு."

"அண்ணி?"

"காட்டுன்னேன்ல."

தம்பி பல் விளக்கிக்கொண்டு கொல்லையிலிருந்து வந்தவன், வாயில் பிரஷ்ஷோடு அப்படியே நின்றான். ஸ்கேனர் அக்கா பையைக் கூடத்துத் தரையில் கவிழ்த்தாள். இரண்டு தலையணை உறை, சீப்பு, நூல்கண்டு, ஒரு சின்ன மாத்திரை டப்பா. டப்பாவைத் திறந்தாள். வெள்ளைப் பொடி. வேறு என்ன இருக்கிறதோ என்று கை தானாக அந்தப் பெண்ணின் தோளுக்குப் போனது. கேட்டில் போகிற மாதிரியே போனது. அந்தப் பெண் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"என்னது இது?"

"முட்டை ஓடு அண்ணி. கோழி முட்டை ஓடு. காய வச்சுப் பொடி பண்ணது. நம்ம மிக்சியில அரைச்சா நீங்க கேப்பீங்கன்னு அம்மா வீட்ல அரைச்சேன். இன்னும் நைசா அரைக்கலாம்னுதான் கொண்டு போறேன்."

"யாருக்கு?"

"வாத்தியாருக்கு. அது முட்டை போடப் போகுதோ என்னமோன்னு மீன் தொட்டி விக்கிற கடைக்காரர் சொன்னாரு. சுண்ணாம்புச் சத்து வேணுமாம். அதனாலதான் அது மண்ணைத் தோண்டுது."

"எது தோண்டுது?"

"வாத்தியாருதான். நான் இல்ல அண்ணி. செங்கல்லுல ஏறி வெளிய விழுந்து, நடந்து போய்த் தோண்டும். மண்ணு இறுகிக் கிடக்குறதால முடியாம நிறுத்திடும். நான்தான் திரும்பத் தூக்கித் தொட்டியில விடுவேன்."

ஸ்கேனர் அக்கா சிரித்துவிட்டாள். கேட்டில் ஆயிரம் கதை கேட்டிருக்கிறாள். 'நான் இல்லக்கா, பக்கத்து சீட்டுக்காரி போட்டுட்டா', 'எப்படி வந்துச்சுன்னே தெரியலக்கா.' ஆமை மேல் பழி போட்டவள் இவள் ஒருத்திதான். "ஆம்பளை ஆமை முட்டை போடப் போகுது. அதுவே வெளிய வந்து குழி தோண்டுது. சாயங்காலம் நல்ல பிள்ளையா தொட்டியில உக்காந்துக்குது. அப்படித்தானே? தொடாதேன்னு சொன்னேன், தொட்டிருக்க. அதை உன் வாயாலயே சொல்லிட்ட."

"அக்கா" என்றான் தம்பி.

"நீ வாயைக் கொப்பளி முதல்ல."

அந்தப் பெண் இன்னும் கையை இறக்கவில்லை. கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் கலங்கவில்லை. "போலாமா?" என்று கேட்டாள்.

பத்தொன்பது வருஷப் பழக்கம். கேள்வி காதில் விழுந்ததும் நாக்கு தானாகச் சொல்லிவிட்டது, "போ."

அவள், ஸ்கேனர் அக்கா கையிலிருந்த மாத்திரை டப்பாவைத் தவிர மற்ற சாமான்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனாள். சாயங்காலம் வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. தம்பி அக்காவோடு பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை வாத்தியார் கண்ணைத் திறக்கவே சோம்பல் பட்டது. ஸ்கேனர் அக்கா பயந்துபோனாள். லீவு போட்டுவிட்டு, பிளாஸ்டிக் கூடையில் ஈரத் துணி விரித்து வாத்தியாரை வைத்து, ஆட்டோவில் மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மாத்திரை டப்பாவை மறக்கவில்லை. அதை ஒரு கவரில் போட்டு, ஒட்டி, ஒட்டின இடத்தில் குறுக்காகக் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

டாக்டர் வயசாளி. மேஜையில் ஒரு பக்கம் டீ, ஒரு பக்கம் நாய்க்குட்டி. கவரைப் பிரித்து, பொடியைத் தேய்த்து, மோந்து பார்த்தார்.

"முட்டை ஓடு. நல்லாதான் பொடி பண்ணியிருக்கீங்க. இன்னும் கொஞ்சம் நைசா இருக்கலாம்."

அவர் வாத்தியாரைத் தூக்கி, பின்னங்கால் இடுக்கில் விரலை விட்டு அழுத்திப் பார்த்தார். "எத்தனை நாளா சாப்பிடலை?"

"பத்து நாள் இருக்கும். யாரோ விஷம் வச்சிட்டாங்கன்னு…"

"விஷமும் இல்ல, வெங்காயமும் இல்ல. வயித்துல முட்டை." எக்ஸ்ரே படம் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். கறுப்புக்குள்ளே வெள்ளையாக, நீள நீளமாக ஏழு.

"இது ஆம்பளைங்க" என்றாள்.

"யாரு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. வாத்தியார் என்று பெயர் வைத்ததோடு சரி. ஆனாலும் அவள் விடுவதாக இல்லை. "வீட்ல வேற ஆமையே கிடையாது. எட்டு வருஷமா ஒத்தையாதான் இருக்கு. அப்புறம் எப்படி முட்டை? யாராவது ஒரு ஆண் ஆமையைக் கொண்டுவந்து…"

டாக்டர் டீயைக் கீழே வைத்தார். "கடையில விக்கிற கோழி முட்டைக்கெல்லாம் அப்பன் யாருன்னு விசாரிச்சா வாங்குறீங்க? ஆண் துணை இல்லாமலே போடும். குஞ்சு வராது, அவ்வளவுதான். அதுல சந்தேகப்பட ஒண்ணும் இல்ல. பிரச்சினை வேற. முத்தின முட்டை, இந்நேரம் போட்டிருக்கணும். வீட்ல மண்ணு கிண்ணு இருக்கா? தோண்டுச்சா?"

"கரண்டியால…" என்று ஆரம்பித்தாள்.

"பின்னங்காலால தோண்டும். கரண்டியால அள்ளின மாதிரிதான் இருக்கும். மண்ணு காஞ்சிருந்தா அதுவே தண்ணி விட்டு நனைச்சுக்கும். இடம் பிடிச்சுப்போச்சுன்னா தினம் அதே இடத்துக்குத்தான் போகும். நாம அந்த இடத்தைத் தொடாம விட்டாப் போதும், தானா போட்டுட்டு, தானா மூடிட்டு வந்துடும். யாராவது கலைச்சாங்களா?"

அவள் மூடிய குழிகளை எண்ணிப் பார்த்தாள். பத்து. மிதித்து, தட்டி, செங்கல்லால் குத்தி, கல்லையும் உருட்டிப் போட்டு. கொல்லப் பார்க்கிறாள், கொல்லப் பார்க்கிறாள் என்று யாரை நினைத்தாளோ, அவள் முட்டை ஓட்டைப் பொடி பண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். கொல்லப் பார்த்தது இந்தக் கை. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம் அவளுக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

"நான்தான் டாக்டர்" என்றாள்.

அவர் சத்து ஊசி ஒன்று போட்டார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள போடலைன்னா போட வைக்கிற ஊசி. அதுக்கும் வரலைன்னா ஓட்டை அறுத்துத்தான் எடுக்கணும். பிழைக்குமான்னு கேக்காதீங்க. இன்னொண்ணு, பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருக்காதீங்க. ஆள் பாக்குறது தெரிஞ்சா போடாது."

வீட்டுக்கு வந்ததும் கல்லை உருட்டித் தள்ளினாள். குழாயடி மண்ணை முழங்கை ஆழத்துக்குக் கிளறி, கட்டி உடைத்து, தண்ணீர் தெளித்து மெத்தை மாதிரி ஆக்கினாள். வாத்தியாரைப் பக்கத்தில் விட்டுவிட்டு உள்ளே போனாள். போனவள் போனாளா? ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றாள். வாத்தியார் மெதுவாக நடந்து, மண்ணை மோந்து, திரும்பி நின்று, இடது பின்னங்காலால் ஒரு வாரு வாரியது. அப்புறம் கழுத்தைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தது. நின்றுவிட்டது.

புதன்கிழமையும் அதே கூத்துதான். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தாள். முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்து அதில் பார்த்தாள். மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கொல்லைக் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு தடவையும் அது ஒரு வாரு வாரும், தலையைத் தூக்கும், தொட்டிக்குத் திரும்பி நடக்கும். நடை இன்னும் கனத்திருந்தது.

சாயங்காலம் தம்பி மூன்று நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தான். "அக்கா, நீ பாத்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் அது போடாது."

"நான் எங்கடா பாக்குறேன்?"

"குளிக்கிற ரூம்ல சோப்பு தேஞ்சிருக்கான்னு பாக்குற. அவ எத்தனை தடவை அவ அம்மாவுக்கு போன் பண்றான்னு பாக்குற. நாலு மாசமா அந்த வீட்ல ஒரு கண்ணு என் முதுகுலயே இருக்குங்கிறா. அவளாலயே முடியல. இது வாயில்லா ஜீவன்." அவன் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

வியாழக்கிழமை காலை ஸ்கேனர் அக்கா இரண்டு தெரு நடந்து போனாள். சம்பந்தியம்மாள்தான் கதவைத் திறந்தாள். "என்ன, ஆமை இருக்கா, போயிடுச்சா?" என்று கேட்டாள்.

"இருக்கு. உங்க பொண்ணு தயவுல."

அந்தப் பெண் உள்ளேயிருந்து வந்தாள். ஸ்கேனர் அக்கா வரும் வழியெல்லாம் என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று கோர்த்து வைத்திருந்தாள். கடைசியில் வந்தது இவ்வளவுதான். "நீ சொன்னது அத்தனையும் நிஜம். ஏழு முட்டை. நாளைக்குள்ள போடலைன்னா அறுக்கணுமாம். எனக்குப் பாக்காம இருக்கத் தெரியலம்மா" என்றாள். வாசல்படியில் நின்றபடியே இரண்டு கையையும் விரித்தாள்.

சம்பந்தியம்மாள் இது என்ன கூத்து என்று பார்த்தாள். மகளுக்குப் புரிந்துவிட்டது. கிட்டே வந்து, தோளைத் தொட்டாள், கையைத் தொட்டாள், இடுப்பில் செருகியிருந்த கொத்துச் சாவியை உருவினாள். அதில் கொல்லைக் கதவுச் சாவியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது என்கிட்ட இருக்கட்டும். நான் சொல்ற வரைக்கும் கதவுகிட்ட வரக் கூடாது. ஜன்னல்கிட்டயும் வரக் கூடாது."

"சரி" என்றாள் ஸ்கேனர் அக்கா.

"வாங்க அண்ணி, போலாம்."

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெண் வாத்தியாரைத் தூக்கி மண்ணருகே விட்டாள். கதவைப் பூட்டினாள். பின்னறையில் மெஷினைத் திருப்பிப் போட்டு, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, தைக்க ஆரம்பித்தாள். "அதுக்கு இந்தச் சத்தம் பழக்கம் அண்ணி. சத்தம் நின்னாத்தான் தலையைத் தூக்கும்" என்றாள்.

ஸ்கேனர் அக்கா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள். கேட்டில் ஒரு நாளைக்கு முன்னூறு உடம்பைத் தடவுகிற கைக்கு அன்று ஒரு வேலையும் இல்லை. மெஷின் ஓடியது. நின்றது. அவள் பாதி எழுந்தாள். நூல் மாற்றியிருப்பாள், மறுபடி ஓடியது. உட்கார்ந்தாள். உண்மையிலேயே தைக்கிறாளா, சும்மா மிதிக்கிறாளா? வாத்தியார் தோண்டுகிறதா, சுருண்டு கிடக்கிறதா? இவள் ஒருவேளை பழிவாங்க… அந்த நினைப்பு வந்ததும் தன் தொடையிலேயே நறுக்கென்று கிள்ளிக்கொண்டாள். பதினொரு மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. சாப்பிடவும் இல்லை, எழுந்து தண்ணீர் குடிக்கவும் இல்லை. தண்ணீர்ப் பானைக்குப் போகிற வழியில்தான் ஜன்னல் இருந்தது.

மூன்று மணிக்கு மெஷின் நின்றது. இந்தத் தடவை மறுபடி ஓடவில்லை. பூட்டு திறக்கிற சத்தம். அப்புறம் அந்தப் பெண் கூடத்துக்கு வந்து நின்றாள். "வாங்க அண்ணி. போட்டாச்சு."

வாத்தியார் குழாயடியிலிருந்து தொட்டியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது. ஓட்டின் பின்பக்கமெல்லாம் சேறு. ஸ்கேனர் அக்கா வாசலிலேயே நின்று அந்த நடையைப் பார்த்தாள். காலை எட்டி எட்டி வைத்துப் போனது. மடியில் கனம் இல்லை. அவளுக்கு அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டாள்.

மண்ணருகே போய்க் குந்தினாள். குழி இருந்த அடையாளமே தெரியவில்லை. வாத்தியாரே வயிற்றால் தேய்த்துத் தேய்த்துச் சமன் பண்ணியிருந்தது. பத்து நாள் இவள் தட்டிச் சமன் பண்ணியதைவிட அது சுத்தமாக இருந்தது. கீழே முட்டை இருக்கிறது என்று சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அவள் ஆள்காட்டி விரல் பழக்கத்தில் நீண்டது. மண்ணைத் தொடுமுன் அதை மடக்கி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"தோண்டி எண்ணிப் பாக்கலையா அண்ணி? ஏழு இருக்கணுமே. நான் திரும்பியே பாக்கல. எத்தனைன்னு எனக்குத் தெரியாது."

"மறுபடி படம் எடுக்குறப்போ டாக்டர் எண்ணிக்குவாரு. நீ போட்டாச்சுன்னு சொல்லிட்டல்ல."

அந்தப் பெண் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். கொல்லைக் கதவுச் சாவி. ஸ்கேனர் அக்கா அதைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிச் சாவி மேல் மூடினாள்.

"உன்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். வாத்தியாருக்கு வெள்ளரிக்காய் நறுக்க உள்ளே போனாள்.